ரயில் வராத ஊரிலிருந்து ரயில் மியூசியத்துக்கு: உத்திரமேரூர் குடும்பங்களுக்கு ஒரு ஞாயிறு பிளான்

குடவோலைக் கல்வெட்டால் நாடறிந்த ஊர் உத்திரமேரூர். ஆனால் இங்கே ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற செங்கல்பட்டுக்கோ காஞ்சிபுரத்துக்கோ பஸ் பிடிக்க வேண்டும். "லீவுக்கு எங்க போறோம்?" என்று குட்டீஸ் கேட்டால், மாலைத் தவிர இன்னொரு பதிலும் உண்டு: சென்னை ரயில் மியூசியம்.

எங்கே இருக்கு?

வில்லிவாக்கம் அருகே, நியூ ஆவடி ரோட்டில், ஐசிஎஃப் வளாகத்தை ஒட்டி. 2002-ல் திறக்கப்பட்டது. பழைய நீராவி என்ஜின்கள், பெட்டிகள், மாடல்கள், குழந்தைகள் ஏறிச் சுற்ற டாய் ரயில் எல்லாம் உண்டு.

எப்படிப் போறது?

செங்கல்பட்டு வரை பஸ். அங்கிருந்து மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன். எதிரே இருக்கும் சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் ஆவடி, திருவள்ளூர் பக்கம் போகும் லோக்கல் ஏறினால் வில்லிவாக்கம். அங்கிருந்து ஆட்டோ. பாதி நாள் பயணத்திலேயே போய்விடும். குழந்தைகளுக்கு அதுவும் ட்ரிப்தான்.

தாத்தா பாட்டியும் வரணுமா?

கட்டாயம். இன்று நாம் போகும் இதே வழியில், பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் 2004 வரை மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓடியது. தண்டவாள இடைவெளி 1,000 மி.மீ. மட்டும்; அகலப் பாதையில் அது 1,676 மி.மீ. அகலம் மாறும் இடத்தில் சரக்கை இறக்கி வேறு ரயிலில் ஏற்ற வேண்டியிருந்தது. அகலப் பாதைக்கு மாறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தக் குட்டி ரயிலில் தொங்கிக்கொண்டு போன கதை எந்தத் தகவல் பலகையிலும் இருக்காது. அதைச் சொல்ல வீட்டுப் பெரியவர்கள்தான் வேண்டும்.

பிள்ளைகளிடம் எதைக் காட்டலாம்?

பெட்டிகளை இணைக்கும் இடத்தைக் காட்டுங்கள். 1955-ல் தொடங்கிய ஐசிஎஃப்-பின் பழைய வகைப் பெட்டிகளில் திருகு இணைப்பும், இரு ஓரத்திலும் பஃபரும் இருக்கும். விபத்து நேர்ந்தால் ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறும் ஆபத்து இதில் அதிகம். ஜெர்மன் வடிவமைப்பான எல்எச்பி பெட்டிகளில் நடுவில் இறுக்கமான ஒரே இணைப்பு. ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதை அது தடுக்கும். அதனால்தான் பழைய வகைத் தயாரிப்பை ஐசிஎஃப் 2018-ல் நிறுத்தியது. முதல் வந்தே பாரத் ரயிலை அதே ஆண்டில் உருவாக்கியதும் இதே ஆலைதான். அடுத்த முறை எக்ஸ்பிரஸ் ஏறும்போது, "இது எந்தப் பெட்டி?" என்று பிள்ளைகளே பார்த்துச் சொல்வார்கள்.

கவனிக்க:

* திங்கள்கிழமை விடுமுறை. கிளம்பும் முன் நேரத்தை ஒருமுறை சரிபாருங்கள்.
* பெரும்பாலும் திறந்தவெளி. தொப்பி, தண்ணீர் அவசியம்.
* செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.