நோயாளியோடு தனியே பேசுங்கள்

ஆட்கடத்தல் என்றதும் படகுகளும் விமான நிலையங்களும்தான் எங்கள் நினைவுக்கு வருகின்றன. எங்கள் மொழி பேசும் ஒரு வீட்டுக்குள்ளும் அது நடக்கலாம். மெல்பேர்ணில் நடந்தது.

2015 யூலையில் மவுண்ட் வேவர்லியில் ஒரு வீட்டுக்கு அழைக்கப்பட்ட அம்புலன்ஸ் ஊழியர்கள், விழுந்து கிடந்த ஒரு தமிழ்ப் பெண்ணைக் கண்டார்கள். நிறை 40 கிலோ. உடல் வெப்பநிலை 28.5 பாகை. நீரிழிவுக்குச் சிகிச்சை இல்லை. இரத்தத்தில் கிருமித்தொற்று வேறு. 2007இல் தமிழ்நாட்டிலிருந்து ஒரு மாத விசாவில் வந்தவர், எட்டு வருடங்கள் அந்த வீட்டில் சமைத்து, துப்புரவு செய்து, பிள்ளைகளைப் பராமரித்திருந்தார். வைத்தியசாலையில் அவரது உண்மைப் பெயர்கூடக் கொடுக்கப்படவில்லை. அவரை அடிமையாக வைத்திருந்த குற்றத்துக்காக 2021இல் விக்ரோறிய உச்ச நீதிமன்றம் மனைவிக்கு 8 வருடமும் கணவனுக்கு 6 வருடமும் சிறைத்தண்டனை விதித்தது. அவர்களும் தமிழர்களே.

உண்மை வெளிவரத் தொடங்கியது, வருத்தம் முற்றிச் சுகாதார ஊழியர்கள் அவரைப் பார்த்த பின்னர்தான். ஆகவேதான் வைத்தியர், தாதியர், மருந்தாளர், பல் வைத்தியர் எல்லோருக்கும் இதில் பயிற்சி தேவை. எங்கள் குடும்பங்களில் இத்தொழில்களில் இருப்போர் பலர்.

கவனிக்க வேண்டியவை:

- கேள்வி நோயாளியிடம். பதில் எப்போதும் கூட வந்தவரிடமிருந்து.
- கடவுச்சீட்டும் மெடிக்கெயார் அட்டையும் வேறொருவர் கையில்.
- சொந்த விலாசம் தெரியாமை, அல்லது பெயரும் பிறந்த திகதியும் மாறிமாறி வருதல்.
- நாட்பட்ட நோய்க்குச் சிகிச்சையே இல்லாமை, மெலிவு, விளக்கமில்லாத காயங்கள்.

இவற்றில் ஒன்று மட்டும் எதையும் நிரூபிக்காது. ஊரிலிருந்து வந்த அம்மாவுக்காக மகள் பேசுவது எங்கள் வழக்கம். ஆனாலும் மொழிபெயர்ப்பவரே அடைத்து வைத்திருப்பவராகவும் இருக்கலாம். எனவே, "எல்லா நோயாளிகளையும் சிறிது நேரம் தனியாகப் பார்ப்பது எங்கள் நடைமுறை" என்று சொல்லி, கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லுங்கள். 131 450 என்ற இலக்கத்தில் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைப் பெறலாம். எங்கள் சமூகம் சிறியது. கதை பரவிவிடும் என்று நோயாளி அஞ்சுவார். மொழிபெயர்ப்பாளரிடம் நோயாளியின் பெயரைச் சொல்லத் தேவையில்லை.

விசாரணை செய்வது எங்கள் வேலையல்ல. "வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா? விரும்பினால் வெளியே போக முடியுமா? உங்கள் பத்திரங்கள் யாரிடம்?" என்று மெதுவாகக் கேட்டால் போதும். சந்தேகத்தை வீட்டாரிடம் காட்டாதீர்கள்; அதன் விளைவை அனுபவிப்பவர் நோயாளியே. அவர் சொன்னதை அவருடைய வார்த்தைகளிலேயே பதிவு செய்யுங்கள். அவரது விருப்பத்தைக் கேட்டே அடுத்த அடி வையுங்கள்.

பொலிஸ் சீருடையைக் கண்டு ஒதுங்கும் பயம் எங்களில் பலர் ஊரிலிருந்தே கொண்டு வந்தது. அத்தோடு "விசா இல்லை, பிடித்து அனுப்பிவிடுவார்கள்" என்ற மிரட்டலும் சேர்ந்தால் வாய் திறக்காது. பாதிக்கப்பட்டவர்களுக்கெனத் தனி விசா ஏற்பாடு இந்நாட்டில் உண்டு என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

உயிருக்கு ஆபத்தென்றால் 000. மற்றவேளைகளில் அவுஸ்திரேலிய மத்திய பொலிஸ் 131 237. சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் 'அன்ரி ஸ்லேவரி அவுஸ்திரேலியா' இலவசச் சட்ட ஆலோசனையும் இணையவழிப் பயிற்சியும் வழங்குகிறது. உங்கள் வேலைத்தலத்தில் இப்பயிற்சி இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.