முயல் வேணும்ப்பா!

காஞ்சிபுரத்தில் ஒரு கதை சொல்வார்கள். ராஜா மேல் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பிய ஆழ்வார், "நீயும் உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொள்" என்றாராம். பெருமாளும் மறுபேச்சு பேசாமல் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனாராம். அந்த ஆழ்வார் எங்கள் ஊர்க்காரர். திருமழிசை!

பகவானுக்கே ஆர்டர் போட்டவர் பிறந்த ஊரில் குடியிருந்துகொண்டு, எட்டு வயசுப் பெண்ணிடம் 'முயல் வேண்டாம்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை!

வினை கொளத்தூரில் ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கலர் மீன் காட்டுகிறேன் என்று அங்கே கூட்டிப் போனேன். மீனைப் பார்க்க வேண்டியவள், ஒரு கடை வாசலில் கூண்டுக்குள் பஞ்சு உருண்டை மாதிரி உட்கார்ந்திருந்த வெள்ளை முயலைப் பார்த்துவிட்டாள். சிவப்புக் கண். மூக்கு மட்டும் விடாமல் துடிக்கிறது.

"அப்பா... முயல் வேணும்ப்பா!"

"என்னங்க சாப்பிடும்?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"ரெண்டு கேரட் போடுங்க சார், அது பாட்டுக்குக் கிடக்கும். சத்தமே வராது. ஹவுஸ் ஓனருக்குக்கூடத் தெரியாது!"

அந்தக் கடைசி வரியில் நான் பாதி விழுந்துவிட்டேன். வாடகை வீட்டில் இருப்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். 'யோசிச்சுச் சொல்றேன்' என்று எப்படியோ அவளை பஸ் ஏற்றிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். "முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா? வாங்கிக் கொடுக்கத்தான் போறீங்க. ஆனா ஒண்ணு, கூண்டை நான் கழுவ மாட்டேன். எனக்கு ஆபீஸ் இருக்கு!"

நான் பி.காம். எதையும் வரவு, பற்று எழுதிப் பார்க்காமல் முடிவு பண்ண மாட்டேன் (கல்யாணம் ஒன்றைத் தவிர). கண்டதையும் படித்து, தெரிந்த கால்நடை டாக்டர் ஒருத்தரையும் தொந்தரவு பண்ணி, ஒரு கணக்கு போட்டேன்.

வரவு

குரைக்காது. சுத்த சைவம், என் அம்மாவுக்கு ஆட்சேபணை இல்லை. பழக்கினால் ஒரே மூலையில், ஒரே தட்டில் போய் வரும் (எங்கள் தெருவில் சில மனிதர்களுக்கே இந்தப் பழக்கம் கிடையாது). சந்தோஷம் வந்தால் அந்தரத்தில் எகிறி உடம்பை ஒரு முறுக்கு முறுக்கிக் குதிக்கும். அதைப் பார்க்கவே டிக்கெட் வாங்கலாம்.

பற்று

முதலில் கேரட். முயலென்றால் கேரட் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தது கார்ட்டூன் பக்ஸ் பன்னி. கேரட்டில் இனிப்பு அதிகம். எப்போதாவது ஒரு துண்டுதான் கொடுக்கலாம். அதன் சாப்பாடு புல். பச்சையோ, காய்ந்ததோ, நாள் பூராவும் புல். 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டே எங்கள் ஊருக்கு வந்து சில மாசம் இருந்தது. அப்போது முயல் வாங்கியிருந்தால் கேரட்டாகப் போட்டே அதை ஒருவழி பண்ணியிருப்பேன்!

ஏன் புல்? முயலுக்குப் பல் சாகிறவரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேயும். ஆக, தேய்மானம் சரியாக இல்லாவிட்டால் பேலன்ஸ் ஷீட் டாலி ஆகாது! புல் போதாவிட்டால் நம் செல்போன் சார்ஜர் வயரில் மீதியைத் தேய்த்துக்கொள்ளும்.

அடுத்தது வெயில். முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது. காதுதான் ரேடியேட்டர். 30 டிகிரி தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். இங்கே கத்திரி வெயில் 40-ஐத் தொட்டுவிட்டு, அப்புறம் கரண்ட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மொட்டை மாடிக் கூண்டு, ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் எல்லாம் முயலுக்கு அடுப்பு.

உடம்புக்கு வந்தால் நாள் கணக்கில் பொறுக்க முடியாது. பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலே ஆபத்து என்றார் டாக்டர். குடல் வேலைநிறுத்தம் செய்துவிடுமாம். எல்லா டாக்டரும் முயல் பார்க்க மாட்டார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். அந்தச் சாலையின் டிராபிக் உங்களுக்கே தெரியும்.

'தனியா இருந்தா பாவம், ஜோடியா வாங்கலாமே?' என்பீர்கள். துணை வேண்டும்தான். ஆனால் ஆண், பெண் பார்த்து, டாக்டரிடம் குடும்பக் கட்டுப்பாடும் பேசிவிட்டு வாங்குங்கள். முப்பது நாள் முடிந்தால் பிரசவம்! 1859-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஸ்டின் என்ற புண்ணியவான் வேட்டையாடுவதற்காக 24 முயல்களை அவிழ்த்துவிட்டார். கூட்டு வட்டி தெரியுமல்லவா? அந்தக் கணக்குதான். 1901-இல் ஆரம்பித்து 1907-க்குள் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் முயல் தடுப்பு வேலி போட வேண்டி வந்தது. முயல் அந்தப் பக்கமும் போய்விட்டது!

கடைசியாக ஆயுசு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு முதல் பன்னிரண்டு வருஷம். இன்றைக்கு வாங்கினால் என் பெண் பிளஸ் டூ எழுதும்போதும் அது வீட்டில் இருக்கும். என் பைக் லோன்கூட அதற்குள் முடிந்துவிடும்.

இத்தனையும் எழுதிய பிறகும், கணக்கில் ஒரு எண்ட்ரியை நான் மறைத்திருந்தேன்.

எனக்குப் பத்து வயசில் மாமா ஒரு முயல் கொடுத்தார். சினிமாவில் பார்த்த மாதிரி காதைப் பிடித்துத் தூக்கினேன். பின்னங்காலால் ஒரு உதை உதைத்தது, திண்ணையிலிருந்து விழுந்தது. அதன் முதுகெலும்பு கண்ணாடி மாதிரி. ஆனால் காலில் பலம் அதிகம். உதறுகிற வேகத்திலேயே முதுகு முறியும். அதெல்லாம் இப்போதுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், பின்னங்கால் இரண்டும் நகரவில்லை என்பதுதான். இரண்டு நாள் சத்தமே போடாமல் கிடந்தது. மூன்றாம் நாள் அப்பா முருங்கை மரத்தடியில் குழி தோண்டினார்.

"பூனை துரத்துச்சு" என்றேன். அம்மா நம்பிவிட்டாள். அந்தப் பூனைக்கு அப்புறம் எங்கள் வீட்டில் பால் கிடைக்கவில்லை.

இதை என் பெண்ணிடம் சொல்லாமல் வேறு வழியில் தப்பிக்கப் பார்த்தேன். ஒரு பெரிய அட்டைப்பெட்டியை ஹாலில் வைத்தேன். "இதுக்குள்ள முயல் இருக்குன்னு வச்சுக்கோ. ஒரு மாசம் தினமும் புல் மாத்தணும், தண்ணி மாத்தணும், பெட்டி துடைக்கணும். செஞ்சா வாங்கலாம்."

நாலு நாள் பிரமாதம். ஐந்தாம் நாள் ஸ்கூலில் டெஸ்ட். ஏழாம் நாள் தூக்கம். ஒன்பதாம் நாள் காலையில் பக்கத்துக் காலி மனையில் குந்தி உட்கார்ந்து அறுகம்புல் பிடுங்கிக்கொண்டிருந்தது யார்? நான்தான்!

எதிர்வீட்டுப் பெரியவர் நின்றார். "பிள்ளையாருக்கா தம்பி?"

"இல்லீங்க, முயலுக்கு."

"அட, எங்க முயல்?"

"இன்னும் வாங்கலைங்க."

அவர் அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளியே நடக்கிறார்.

அன்று ராத்திரி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காது, திண்ணை, முருங்கை மரம். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள்.

"வலிச்சா அது ஏன்ப்பா கத்தலை?"

"முயல் சாமானியமா கத்தாதும்மா. காட்டுல கத்துனா நரிக்கு அட்ரஸ் சொன்ன மாதிரி. அதனால வலியை மறைச்சுக்கும். நாமதான் கவனிக்கணும்."

மறுபடி யோசித்தாள். "பூனைகிட்ட ஸாரி சொன்னியா?"

இல்லை. சொல்லவில்லை.

ஆகவே நண்பர்களே, குழந்தை கேட்டதே என்று முயல் வாங்கப் போகிறீர்களா? ஒரே ஒரு கேள்வி போதும். குழந்தைக்கு அலுத்துப்போன பத்தாம் நாளில், பத்து வருஷத்துக்கு, நீங்கள் புல் பிடுங்கத் தயாரா? தயார் என்றால் வாங்குங்கள். அது குழந்தையின் முயல் அல்ல, உங்கள் முயல். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். குழந்தைக்குக் கட்டிப்பிடிக்க ஆசை. முயலுக்கோ, யாராவது தூக்கினால் பருந்து தூக்குகிற பயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய ஆள் தரையில் இருக்க வேண்டும். சும்மா தரையில் உட்கார்ந்திருந்தால், அதுவாகவே வந்து மோந்து பார்க்கும். அப்போது தலையைத் தடவலாம். தூக்குவது மட்டும் பெரியவர்கள் வேலை.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற வம்சம் எங்களுடையது. ஆனாலும் இந்த முறை அப்பாவும் பெண்ணும் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். கத்திரி போகட்டும், ஆடிக்காற்று வரட்டும். ஹாலில் ஃபேனுக்குக் கீழே இடம் ரெடி பண்ணிவிட்டு அப்புறம் கொளத்தூர்.

அதுவரை அட்டைப்பெட்டி காலியாகத்தான் இருக்கிறது. புல் மட்டும் தினமும் மாறுகிறது. யார் மாற்றுகிறார்கள் என்று எதிர்வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள்!