சார்ஜ் தீர்ந்து போச்சு!

டெல்லியில் ஜங்புரா என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் பல ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தன. டெல்லி உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2025 ஜூன் 1-ஆம் தேதி அந்த வீடுகள் இடிக்கப்பட்டன. தகுதி உண்டு என்று கணக்கில் வந்த குடும்பங்களுக்கு நரேலாவில் அடுக்குமாடி வீடு ஒதுக்கினார்கள். நரேலா டெல்லியின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரம்.

அப்படிக் குடிபோன ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறியது. வேலை மாறவில்லை. பாத்திரம் தேய்க்கும் வீடுகள் ஜங்புராவில்தான் இருக்கின்றன. விடியும் முன்பே கிளம்புகிறார். பஸ் மாறி மாறிப் போகிறார். திரும்பி வரும்போது இருட்டிவிடுகிறது.

காலையில் அவர் செல்போனில் 100 சதவீதம் சார்ஜ் இருந்தது. மாலை 5 மணிக்குப் பார்த்தால் 9 தான் இருக்கிறது. பாதி வழியில் போன் அணைந்துவிடுகிறது. "பஸ் கிடைக்கவில்லை, நேரமாகும்" என்று மகளிடம் சொல்ல முடியவில்லை. ஏதாவது ஆபத்து என்றால் 112-ஐக் கூப்பிடவும் முடியாது. சம்பளப் பணம் போன் வழியாக வந்திருந்தால், கணக்கில் பணம் இருந்தும் ஒரு டீ குடிக்கக் கையில் காசு இருக்காது.

கடையில் கேட்டால், "போன் பழசாயிடுச்சு, புதுசு வாங்குங்க" என்பார்கள். அவசரப்பட வேண்டாம். பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போமா?

பேட்டரிக்குள் ஒரு பயணம்

போனில் இருப்பது லித்தியம் பேட்டரி. லித்தியம் என்பது மிக லேசான ஓர் உலோகம். இந்த வகைப் பேட்டரி 1991-இல் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இதை உருவாக்கியதற்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குடினஃபுக்கு வயது 97!

பேட்டரிக்குள் இரண்டு மெல்லிய தகடுகள் இருக்கின்றன. ஒன்றில் கரி பூசியிருக்கும். பென்சிலில் இருக்கிறதே, அதே வகைக் கரி. இன்னொன்றில் லித்தியம் கலந்த பொருள் பூசியிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு திரவம் உண்டு.

சார்ஜ் போடும்போது லித்தியம் துகள்கள் கிளம்பிப் போய்க் கரிக்குள் உட்காருகின்றன. போனைப் பயன்படுத்தும்போது அவை திரும்பி வருகின்றன. நரேலாவிலிருந்து ஜங்புராவுக்கு வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்புவது போலத்தான்.

ஒவ்வொரு பயணத்திலும் சில துகள்கள் வழியிலே சிக்கிக்கொள்கின்றன. அவை திரும்புவதில்லை. அதனால்தான் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தி இழக்கிறது. பொதுவாக 500 முதல் 1,000 தடவை வரை நிரப்பித் தீர்த்த பிறகு, புதிதில் பிடித்த சார்ஜில் 100-க்கு 80 பங்குதான் பிடிக்கும். இதை அடியோடு நிறுத்த முடியாது. ஆனால் தள்ளிப்போடலாம்.

வெயில்தான் முதல் எதிரி

பேட்டரிக்குச் சூடு ஆகாது. சூட்டில் துகள்கள் சிக்கிக்கொள்வது வேகமாக நடக்கும். ஆப்பிள் நிறுவனம் தன் போன்களை 0 முதல் 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது. டெல்லியிலோ 2024 மே 29-ஆம் தேதி சஃப்தர்ஜங்கில் 46.8 டிகிரி வெயில் அடித்தது. அந்த நாளில் தகரக் கூரைக்குக் கீழே சார்ஜில் கிடந்த போனின் கதி என்ன?

எனவே கோடையில் போனை ஜன்னல் ஓர வெயிலில் வைக்காதீர்கள். அடுப்பு மேடையில் வைக்காதீர்கள். ஆட்டோவின் முன்பக்கத்தில் வழி பார்க்கப் போனை மாட்டி வைப்பவர்கள், சவாரி இல்லாதபோதாவது எடுத்து நிழலில் வைக்கலாம். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவது மிகவும் தவறு. சூடு வெளியே போக வழி இருக்காது. தீப்பிடிக்கவும் கூடும்.

போன் கொதிக்கிறது என்று சிலர் அதைக் குளிர்பெட்டியில் வைக்கிறார்கள். அதுவும் வேண்டாம். உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். உறையைக் கழற்றி, மின்விசிறிக்குக் கீழே வைத்தால் போதும்.

ஜனவரிக் குளிரில் வேறு தொல்லை. அதிகாலைப் பனியில் துகள்கள் மெதுவாகத்தான் நகரும். 20 சதவீதம் காட்டும்போதே போன் அணைந்துவிடலாம். பயப்பட வேண்டாம், கெட்டுப்போகவில்லை. ஸ்வெட்டருக்கு உட்பக்கம் வைத்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ஹீட்டர் முன்னால் மட்டும் காட்டக் கூடாது.

எவ்வளவு நிரப்புவது?

"முழுசாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்" என்று பலர் சொல்வார்கள். இது பழைய நிக்கல் பேட்டரிக் காலத்துப் பேச்சு. லித்தியம் பேட்டரிக்கு இது பொருந்தாது. அடிமட்டம் வரை தீர்ப்பது நல்லதல்ல. எப்போதும் 100-இல் நிறைந்து கிடப்பதும் நல்லதல்ல. 20-க்கும் 80-க்கும் நடுவில் இருந்தால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம்.

ஆனால் நாள் முழுக்க வெளியே இருப்பவர் 80-உடன் கிளம்ப முடியுமா? முடியாது. அவர் 100 வரை நிரப்பிக்கொண்டு கிளம்பட்டும். தப்பில்லை. பேட்டரி நமக்காகத்தான், நாம் பேட்டரிக்காக இல்லை. இரவு முழுக்கச் செருகி வைப்பதற்குப் பதில், காலையில் எழுந்து சமைக்கும் நேரத்தில் போட்டாலே போதும்.

யார் தின்கிறார்கள்?

சரி, பகலில் சார்ஜ் எங்கே போகிறது? திரையின் வெளிச்சத்துக்குத்தான் பெரும்பாலும் போகிறது. வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள். பார்க்காத நேரத்தில் திரை 30 விநாடியில் தானாக அணையும்படி வையுங்கள். பஸ்ஸில் படம் பார்த்துக்கொண்டே வந்தால், இறங்கும்போது சார்ஜ் இருக்காது. பாட்டு மட்டும் என்றால் திரையை அணைத்துவிட்டுக் கேட்கலாம்.

அடுத்தது டவர். டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் போன் அதைத் தேடிக்கொண்டே இருக்கும். தூரத்தில் இருப்பவரைத் தொண்டை கிழியக் கத்திக் கூப்பிடுவது மாதிரி. மெட்ரோ சுரங்கப் பாதையில் சில இடங்களில் இப்படி ஆகும். அங்கே விமானப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் தேடுவது நிற்கும். வெளியே வந்ததும் மறக்காமல் அதை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் யார் கூப்பிட்டாலும் மணி அடிக்காது.

பல்சக்கரப் படத்தைத் தொட்டு உள்ளே போனால் 'பேட்டரி' என்ற பக்கம் இருக்கும். எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்று அங்கே பட்டியல் உண்டு. எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள். நீங்கள் தொடாத ஒரு விளையாட்டு மேலே உட்கார்ந்திருக்கலாம். அதை நீக்கிவிடுங்கள். ஆனால் தினமும் பயன்படுத்தும் செயலிகளை அடிக்கடி தள்ளித் தள்ளி மூட வேண்டாம். மறுபடி திறக்கும்போது போன் இன்னும் அதிகச் சார்ஜ் செலவழிக்கும்.

எதை வாங்குவது?

கூடுதல் சார்ஜுக்குப் பவர் பேங்க் வாங்கலாம். அதில் 10,000 என்று போட்டிருக்கும். உங்கள் போன் பேட்டரி 5,000 என்றால் இரண்டு முறை நிரப்பலாம் என்று தோன்றும். அப்படி நிரம்பாது. வழியில் கொஞ்சம் சூடாக வீணாகும். மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் சரி.

சார்ஜர், பேட்டரி, பவர் பேங்க் எது வாங்கினாலும் அதன் மேல் இந்தியத் தர முத்திரையைத் தேடுங்கள். ஐ.எஸ். எண்ணும், ஆர் என்ற ஆங்கில எழுத்துக்குப் பின்னால் 8 இலக்கங்களும் இருக்க வேண்டும். கரோல் பாகில் கஃபார் மார்க்கெட், தெற்கே நேரு பிளேஸ் என்று போன் பழுது பார்க்கும் இடங்கள் டெல்லியில் நிறைய உண்டு. புதுப் போன் வாங்கும் செலவில் சிறு பங்கில் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். விலை மிகக் குறைவாகச் சொன்னால் முத்திரையை இரண்டு முறை பாருங்கள்.

போனின் முதுகு உப்பியிருக்கிறதா? உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். ஊசியால் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள். தீப்பிடிக்கும். குப்பையிலும் போடாதீர்கள். குப்பை அள்ளுபவர் கையில்தான் அது வெடிக்கும். பழுது பார்க்கும் கடையில் கொடுத்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் நரேலா பஸ்ஸில் போன் அணையலாம். போன் அணைந்தால் அதற்குள் இருக்கும் எண்களும் கிடைக்காது. மகள் எண், வேலை வீட்டு எண், பக்கத்து வீட்டு எண் மூன்றையும் ஒரு தாளில் உங்கள் கையால் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடைக்காரர் போனை ஒரு நிமிடம் கேட்டு வாங்கிப் பேசலாம்.