கூலி யார் கொடுத்தார்?
(தகவலைத் தேடி களத்துக்கு – 7)

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையைப் பற்றி விசாரித்தால், "எந்த உரிமம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) உரிமம். வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையான 'பெசோ'வின் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது. முதல் பெயர் அப்படி வந்தது. எந்த அலுவலகம் உரிமம் கொடுத்தது என்பதைப் பொறுத்து, ஆலை எவ்வளவு வெடிமருந்து கையாளலாம் என்பதும் மாறும்.

உரிமக் கோப்பும் ஒரு தகவல் அமைப்புதான். உரிமதாரர் யார், எத்தனை அறை, ஓர் அறையில் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் இருக்கும். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் மாவட்டத்துக்கு வெளியேயும் பரவிய சொல் 'உள்குத்தகை'. உரிமம் ஒருவர் பேரில் இருக்கும். அறைகள் வேறு பலர் கையில் இருக்கும். கோப்பு இதை ஏன் பார்க்கவில்லை?

இந்த 'ஏன்' கணக்கெடுப்புக்கு அகப்படாது. "இங்கே உள்குத்தகை உண்டா?" என்று ஆயிரம் படிவம் கொடுத்தாலும் ஆயிரத்திலும் 'இல்லை' என்றே வரும். 'எப்படி', 'ஏன்' என்று கேட்பவருக்கு ஒரு நேர்வை ஆழமாகப் படிக்கும் முறை பொருந்தும் என்று 1984இல் ஆய்வுமுறை அறிஞர் ராபர்ட் யின் எழுதினார். தகவல் அமைப்பு ஆய்வாளர்கள் சில ஆண்டுகளிலேயே அதைத் தங்கள் துறைக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்திய மண்ணிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. தரிசு நில மேம்பாட்டுக்காகச் சில மாவட்டங்களில் கணினி வரைபட அமைப்பைக் கொண்டுவரும் திட்டத்தைத் தகவல் அமைப்பு ஆய்வாளர்களான ஜெஃப் வால்ஷமும் சுந்தீப் சாஹேயும் ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார்கள். மென்பொருள் இருந்தது, மாவட்ட நிர்வாகத்தின் அன்றாட வேலைக்குள் அது நுழையவில்லை. காரணத்தை அவர்கள் கணினியோடு நிறுத்தாமல் வெளியேயும் தேடினார்கள். திட்டத்தை ஓட்டியவை விஞ்ஞான நிறுவனங்கள். அதிகாரிகளோ அடிக்கடி இடம் மாறினார்கள். வரைபடம் பார்த்து முடிவெடுப்பது நம் அன்றாடப் பழக்கத்திலும் இல்லை. திரும்பத் திரும்பப் போய்ப் பேசியவர்களுக்கு மட்டுமே கிடைக்கிற பதில்கள் இவை.

சிவகாசியில் அந்தப் பேச்சை எங்கே தொடங்குவது? விதியிலிருந்து தொடங்கினால் வாய் மூடிவிடும். வேலையிலிருந்து தொடங்க வேண்டும். இந்த வாரம் மருந்து யார் தந்தார்? எண்ணிக்கையை யார் குறித்துக்கொண்டார்? சனிக்கிழமை கூலி யார் கொடுத்தார்? கடைசிக் கேள்வி சாதாரணமானது, யாரையும் குற்றம் சாட்டாதது. ஆனால் ஒரே ஆலையின் நான்கு அறைகளில் நான்கு பெயர் பதிலாக வந்தால், கோப்பில் இல்லாத அமைப்பு முழுவதும் கண்முன் வந்துவிடும். பிறகு கூலி நோட்டு, போர்மேனின் பேச்சு, உரிமத்தின் நகல் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். அவை எங்கே முரண்படுகின்றனவோ அங்கேதான் நான் அதிக நாள் தங்குவேன். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் யாருக்கும் நேரம் இருக்காது. பண்டிகை முடிந்த ஓய்வில் போவது நல்லது. பேச்சும் ஆலை வாசலில் வேண்டாம், வீட்டுத் திண்ணையில் இருக்கட்டும்.

என்னை மிகவும் உறுத்துவது அடுத்த கட்டம். ஆய்வேட்டில் ஆலையின் பெயரை மறைத்து 'அ' என்று போடுவது வழக்கம். ஆனால் அறைகளின் எண்ணிக்கை, செய்யும் ரகம், பக்கத்து ஊர், இந்த மூன்றைச் சொன்னாலே இங்கே டீக்கடையில் இருப்பவர் ஆலையைச் சொல்லிவிடுவார். நம்மிடம் பேசிய தொழிலாளியையும் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த வாரம் அவருக்கு வேலை இருக்காது. இரண்டு ஆலைகளைக் கலந்து ஒன்றாக எழுதலாம் என்பார்கள் சிலர். அது நேர்வையே பொய்யாக்கிவிடும். அடையாளம் காட்டும் விவரத்தை விட்டுவிடுவதே என் முடிவு, அதனால் ஆய்வு மெலிந்தாலும் சரி. கூலி கொடுத்தவர் என்று அவர் சொன்ன பெயரை நான் நோட்டில்கூட எழுதுவதில்லை.