களமும் பத்தாயமும்

பத்தாயம் எவ்வளவு பெரிதாயினும், களம் சிறிதானால் சூடடிப்பு தேங்கும். இது நாஞ்சில் நாட்டார் அறிந்ததே. கம்ப்யூட்டரில் வட்டு பத்தாயம். 'ராம்' என்னும் நினைவகமே களம்.

நமது வீட்டுக் கம்ப்யூட்டர் 4 ஜி.பி. நினைவகத்துடன் திணறவே, அவசரமாய் டி.டி.ஆர்.4 பலகையொன்றை வாங்கி வந்தோம். இயந்திரமோ டி.டி.ஆர்.3! பலகையின் வெட்டு இடம் மாறியிருந்ததால் அது பொருந்தவேயில்லை. கைப்பணம் போன பிறகே புத்தி வந்தது.

வாசகர்கள் கடைக்குச் செல்லுமுன் மூன்று சங்கதிகளைக் குறித்துக்கொள்வார்களாக: தாய்ப்பலகை ஏற்கும் வகை, காலியாயுள்ள சொருகிடம், உச்ச அளவு. மடிக்கணினிக்குக் குட்டையான பலகையே பொருந்தும். 32 பிட் விண்டோஸாயின் 4 ஜி.பி.க்கு மேல் போடுவது வீண். பிள்ளைகளின் பாடம், கடிதம், கணக்கு ஆகியவற்றுக்கு 8 ஜி.பி. போதும், இரண்டு 4 ஜி.பி. பலகைகளாகப் போட்டால் வேகமும் கூடும்.

களத்தை விரித்தாலே போதுமென்றிருக்க, புதுக் கம்ப்யூட்டருக்குக் கடன்படுவானேன்?