பழைய கட்டிலா, புதிய கட்டிலா?

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் தக்கலை உள்ளது. அதனருகே அமைந்த பத்மநாபபுரம் அரண்மனை, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறும் வரை திருவிதாங்கூர் மன்னர்களின் இருப்பிடமாக விளங்கியது. இன்று அது தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பினும், கேரளத் தொல்லியல் துறையே அதனைப் பராமரிக்கின்றது. அங்குச் செல்வோர் முதலில் வியப்பது மரக்கூரையின் வேலைப்பாட்டை. சற்று நேரம் கழித்தே மற்றொன்று புலப்படும். அவ்வளவு பெரிய அரண்மனையில் கட்டிலும் நாற்காலியும் மிகக் குறைவு. மூலிகை மரத்துண்டுகள் பலவற்றை இணைத்துச் செய்த கட்டில் ஒன்று உண்டு. அது டச்சுக்காரர்கள் அளித்த பரிசு என்பர். உடலுக்குக் குளிர்ச்சி தரும் கருங்கல் கட்டிலும் உண்டு.

கட்டில், நாற்காலி, மேசை, அலமாரி முதலியவற்றைப் பேச்சுவழக்கில் மரச்சாமான் என்கிறோம். எழுத்துத் தமிழில் அவை அறைகலன்கள் எனப்படும். பழங்கால வீடுகளில் இவற்றின் தேவை குறைவு. திண்ணையில் அமர்ந்தனர், பாயில் உறங்கினர், மணைப்பலகையில் இருந்து உண்டனர். நெல் சேமிக்கும் பத்தாயத்தின் மேற்பலகையே சில வீடுகளில் படுக்கையாகவும் பயன்பட்டது. மேசை, அலமாரி ஆகிய சொற்களே போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்தவை. மலையாளத்தில் வழங்கும் ‘கசேர’ என்பதும், இலங்கைத் தமிழில் வழங்கும் ‘கதிரை’ என்பதும் அம்மொழியின் கொடைகளே. ‘நாற்காலி’ நம் சொல். ஆயினும் திருவனந்தபுரத்துக் கடையில் அச்சொல்லைக் கூறினால் கடைக்காரர் சிரிக்கக்கூடும். மலையாளத்தில் அது ஆடு மாடு போன்ற நான்குகால் விலங்கைக் குறிக்கும்!

வீட்டிற்கு ஓர் அறைகலன் தேவைப்படும்போது மூன்று வகைகள் முன்னிற்கின்றன. முதலாவது தொல்பொருள். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், பொதுவாக 100 ஆண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருள்களைத் தொல்பொருள்களாகக் கருதுகின்றது. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது. இரண்டாவது, பாட்டன் காலத்துப் பொருள். அதாவது முப்பது நாற்பது ஆண்டுகளைக் கடந்து, நூறை எட்டாதது. மூன்றாவது, இன்று செய்த புதியது.

தொல்பொருளில் ஓர் எச்சரிக்கை தேவை. திருவிதாங்கூர் மன்னர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, விக்டோரியா அரசிக்கு யானைத்தந்தத்தால் ஆன அரியணையை அனுப்பினார். 1851-இல் இலண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. அக்காலத்தில் அது பெருமை. இன்று யானைத்தந்தப் பொருளை விற்பதும் வாங்குவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். பழைய பெட்டியின் மூடியில் பதித்த வெண்ணிறப் பூ அழகாயிருக்கிறது என்பதற்காக வாங்கிவிடலாகாது. அது எதனால் ஆனது என்று முதலில் கேட்டல் வேண்டும்.

‘நூற்றைம்பது ஆண்டுப் பழைமை’ என்று விற்பனையாளர் கூறும் மேசை உண்மையிலேயே அத்துணைப் பழையதா? அதனை அறிய மேற்புறத்தைப் பார்த்துப் பயனில்லை. மெருகெண்ணெய் பூசினால் எதுவும் பளபளக்கும். மேசையைக் கவிழ்த்து அடிப்புறத்தைப் பார்த்தல் வேண்டும். கையால் இழைத்த பலகையை விரலால் தடவினால் மெல்லிய மேடு பள்ளங்கள் தென்படும். வட்டமாகச் சுழலும் இயந்திர வாள் அறுத்த பலகையிலோ வில்போல் வளைந்த கோடுகள் இருக்கும். திருகாணியின் தலையையும் நோக்குதல் நன்று. கூட்டல் குறி போன்ற வெட்டுடைய திருகாணி 1930-களில்தான் பரவலாயிற்று. அது இருந்தால், மேசை பிற்காலத்தில் பழுதுபார்க்கப்பட்டிருக்க வேண்டும். அன்றேல் அதன் வயது கட்டுக்கதை. மரம் காலப்போக்கில் தன் அகலத்தில் சுருங்கும். நீளத்தில் ஏறக்குறையச் சுருங்காது. ஆகவே வட்டமாகச் செய்த பழைய மேசைப்பலகையை இரு திசைகளிலும் அளந்தால் சிறிது வேறுபாடு காணப்படும். புதிதாகச் செய்து கறையேற்றிய பலகையில் இதனை எளிதில் போலியாக்க இயலாது.

தேய்மானமும் ஒரு சான்று. நாற்காலியின் கை முனைகளும், கால் வைக்கும் குறுக்குச் சட்டமும் தேய்வது இயல்பு. கையே படாத பின்புறமும் அதே அளவு தேய்ந்திருந்தால் ஐயுறலாம். சிறு துளைகள் இருப்பின், தரையில் வெள்ளைத்தாளை விரித்து அதன்மேல் அப்பொருளை ஓரிரு நாள்கள் வைத்துப் பார்க்க வேண்டும். தாளில் புதிய மரத்தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு உயிருடன் உள்ளது என்பது பொருள். அத்தகைய பொருள் வீட்டிலுள்ள மற்ற மரங்களையும் கெடுக்கும்.

திருவனந்தபுரத்தில் வாழ்வோர் வயதைவிட ஈரத்தையே மிகுதியாக எண்ணிப் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இந்நகருக்கு உண்டு. ஈரக்காற்றில் மரம் விரியும்; வெயிலில் சுருங்கும். பழைய தச்சர்கள் இதனை நன்கறிந்திருந்தனர். அலமாரிக் கதவின் நடுப்பலகையைச் சட்டத்தோடு ஒட்டாமல், சட்டத்தின் பள்ளத்தில் செருகி மட்டுமே வைத்தனர். பலகை விரியவும் சுருங்கவும் இடம் இருந்ததால் கதவு வெடிக்கவில்லை. மரமும் ஊருக்கு ஏற்றதாக இருந்தது. தேக்கில் இயற்கையாகவே உள்ள எண்ணெய்ப்பசை கரையானைத் தடுக்கும். தேக்கு வாங்க இயலாதோர் பலாவையும், ஆஞ்ஞிலி என்று மலையாளத்தில் வழங்கும் அயினியையும் பயன்படுத்தினர்.

இன்று விலை குறைந்த புதிய அலமாரிகள் பல, மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையால் ஆனவை. மேலே ஒட்டிய தாள் தேக்கு போலவே தோன்றும். ஒரு மழைக்காலத்தில் சுவரின் ஈரம் ஏறினால் அடிப்பகுதி உப்பிவிடும். உப்பியதை மீண்டும் சரிசெய்ய இயலாது. இதனால் புதியவை அனைத்தும் தரமற்றவை என்று எண்ணுதல் பிழை. கேரளத்தில் இரப்பர் மரங்களைப் பால் குறைந்தபின் வெட்டி மறுநடவு செய்வர். முன்பு அம்மரம் பெரும்பாலும் விறகாயிற்று. அதிலுள்ள மாச்சத்து வண்டுகளை ஈர்ப்பதே காரணம். இப்போது போரான் சேர்மங்களால் பதப்படுத்தி, நல்ல நாற்காலிகளும் மேசைகளும் செய்கின்றனர். காட்டு மரம் எதனையும் வெட்டாமல் கிடைப்பது அதன் சிறப்பு.

பாட்டன் காலத்துப் பொருள்களுக்கு மதிப்பு குறைவாகவே பேசப்படுகின்றது. உண்மையில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு மிகவும் ஏற்றவை அவையே எனலாம். பிரம்பு பின்னிய தேக்கு நாற்காலியில் பிரம்பு அறுந்தால், சட்டத்தை வைத்துக்கொண்டு பிரம்பை மட்டும் புதிதாகப் பின்னலாம். கோத்ரெஜ் நிறுவனம் 1923-ஆம் ஆண்டிலேயே எஃகு அலமாரிகளைச் செய்யத் தொடங்கியது. அவ்வகை அலமாரிகளைப் பல வீடுகளில் மூன்றாம் தலைமுறையினர் பயன்படுத்துகின்றனர். துரு ஏறாமல் வண்ணம் பூசினால் போதும்.

பணியிட மாற்றத்தால் ஊர் ஊராகச் செல்லும் குடும்பங்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ உள்ள பூர்விக வீடு விற்கப்படும்போது, அங்குள்ள கட்டிலும் ஊஞ்சலும் பெட்டிகளும் என்னாகும்? பெரும்பாலும் ஒரே நாளில், எடைக்கு விலைபேசி, பழைய சாமான் வணிகரிடம் சென்றுவிடும். பின்னர் அதே ஊஞ்சற்பலகை நகரத்துக் கடையில் பன்மடங்கு விலைக்கு நிற்கும். ஆகவே விற்பதற்கு முன் ஒருமுறை ஆராய்தல் நன்று. ஆப்பு வைத்து இணைத்த பழைய கட்டிலைத் தச்சர் ஒருவர் உதவியுடன் கால் வேறு, சட்டம் வேறாகப் பிரித்துவிடலாம். பிரித்த துண்டுகளில் எண்ணிட்டுக் கட்டினால் எந்த ஊருக்கும் அனுப்பலாம். இவ்வசதியை உணர்ந்த தோனெட் என்னும் நிறுவனம் 1859-இல் ஆறே மரத்துண்டுகளால் ஆன நாற்காலியை உருவாக்கியது. பிரித்த நிலையில் 36 நாற்காலிகள் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் அடங்கின.

எடுத்து வருவதற்கு முன் அளவுகோலும் தேவை. பூர்விக வீட்டின் இரட்டைக்கதவு வாசலில் எளிதாக நுழைந்த பெட்டி, அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கிக்கொள்ளும். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் குறித்து, வாசலையும் படிக்கட்டையும் அளந்த பின்னரே வண்டி பேசுதல் வேண்டும்.

வாங்கவே வேண்டாத அறைகலனும் திருவனந்தபுரத்தில் உண்டு. தம்பானூர்ப் பேருந்து நிலையத்தின் அருகே செந்நிறக் கோபுரம்போல் சுழன்றேறும் இந்தியன் காபி ஹவுஸ் கட்டடத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து இந்நகரில் வாழ்ந்து 2007-இல் மறைந்த அவர், இடித்த வீடுகளின் மரங்களை மீண்டும் பயன்படுத்தியவர். இக்கட்டடத்தில் மேசைகளையும் இருக்கைகளையும் வெளிச்சுவரையொட்டிச் சரிவின் வழியே கட்டடத்தோடு சேர்த்தே கட்டிவிட்டார். அவற்றைக் கரையான் அரிப்பதில்லை. மழைக்காற்றும் உப்பச் செய்வதில்லை. மாற்றலாகிச் செல்லும்போது உடன் கொண்டு செல்ல முடியாது என்பது ஒன்றே அவற்றின் குறை.