நீலக் கோழி வாங்குமுன்: விற்பவரின் பொறுப்பும் நம் பொறுப்பும்

அமெரிக்காவில் வசந்தம் பிறந்தால் தீவனக் கடைகளில் கோழிக்குஞ்சு விற்பனை களைகட்டும். கொல்லைப்புறம் உள்ள வீட்டுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பங்களும் பிள்ளைகளின் ஆசைக்காக நாலைந்து குஞ்சுகள் வாங்கி வருகின்றன. அப்போது பலரும் விரும்பிக் கேட்பது நீல நிற அமெரகானா. நீலம் கலந்த சாம்பல் நிற இறகு, தாடியும் கன்னமும் புசுபுசுவென்று இருக்கும் முகம், வெளிர்நீல முட்டை என்று பார்த்தவுடன் மனதைப் பிடித்துவிடும் இனம். விலையும் சாதாரணக் குஞ்சைவிடப் பல மடங்கு.

இதில் பணத்தையும் பறவையையும் இழப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். விற்பவர் எதற்கு உத்தரவாதம் தர முடியும், எதற்கு யாராலும் தர முடியாது என்ற வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் வாங்குகிறார்கள். அதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம்.

பெயர் ஒன்று, குஞ்சு வேறொன்று

சிலி நாட்டிலிருந்து வந்த, நீல முட்டையிடும் கோழிகளின் வழியில் அமெரிக்காவில் 1970களில் உருவாக்கப்பட்ட இனம் அமெரகானா. அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் 1984இல் இதைத் தனி இனமாக ஏற்றது. பட்டாணிக் கொண்டை, தாடியும் கன்ன இறகுகளும், கருநீலச் சாம்பல் கால், முழு வால், நீல முட்டை ஆகியவை அதன் அடையாளங்கள். வாலே இல்லாமல், காதோரம் இறகுக்கொத்து நீட்டியிருப்பது அரௌகானா. அது வேறு இனம்.

சிக்கல் மூன்றாவது வகையில் இருக்கிறது. நீல முட்டை மரபணு உள்ள கலப்புக் கோழிகளை ‘ஈஸ்டர் எக்கர்’ என்பார்கள். பல கடைகளில் இவையே ‘அமெரிக்கானா’ என்று எழுத்தைச் சற்று மாற்றிய பெயரில் விற்கப்படுகின்றன. நல்ல கோழிகள்தான், முட்டையும் தாராளமாக இடும். ஆனால் முட்டை பச்சையாகவோ பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கலாம். கால் பச்சை கலந்திருக்கலாம். அடுத்த தலைமுறையில் எது வரும் என்று சொல்ல முடியாது. இன விருத்திக்காக வாங்குபவருக்கு இது நேரடி நஷ்டம்.

நீல முட்டையில் கொழுப்பு குறைவு, சத்து அதிகம் என்ற விளம்பரத்துக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஓட்டில் கலந்திருக்கும் பிலிவெர்டின் என்ற நிறமிதான் அந்த நீலம். உள்ளே இருப்பது மற்ற முட்டையில் இருப்பதேதான்.

நீல இறகின் கணக்கு

நீல ஜோடியை வைத்து இறகின் நீலத்துக்கு யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. கறுப்பை மங்கச் செய்யும் ஒரு மரபணுவின் ஒரு பிரதி இருந்தால் கோழி நீலம். இரண்டு பிரதி இருந்தால் ‘ஸ்பிளாஷ்’, அதாவது வெளிறிய உடலில் நீலத் திட்டுகள். ஒன்றும் இல்லாவிட்டால் கறுப்பு.

ஆகவே நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் சேர்த்தால் சராசரியாக 50 சதவீதம் நீலம், 25 சதவீதம் கறுப்பு, 25 சதவீதம் ஸ்பிளாஷ். நீலத்தோடு கறுப்பைச் சேர்த்தால் பாதி நீலம், பாதி கறுப்பு. நீலத்தோடு ஸ்பிளாஷைச் சேர்த்தால் பாதி நீலம், பாதி ஸ்பிளாஷ். கறுப்பும் ஸ்பிளாஷும் சேர்ந்தால் மட்டுமே குஞ்சுகள் அத்தனையும் நீலம். ‘நீல ஜோடி, குஞ்சு எல்லாம் நீலம்’ என்று ஒருவர் விற்றால் அவருக்கு விவரம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே மறைக்கிறார்.

லேவண்டர் நிறத்தைச் சிலர் நீலம் என்ற பெயரிலேயே விற்பதும் உண்டு. அது வேறு மரபணு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். நீலத்தையும் லேவண்டரையும் சேர்த்தால் குஞ்சுகளில் லேவண்டர் மறைந்து உட்காரும், பிந்தைய தலைமுறையில் எதிர்பாராமல் தலைகாட்டும். எந்த நீலம் என்று வாங்கும்போதே கேளுங்கள். நீங்கள் விற்பவராகும்போது கறுப்பையும் ஸ்பிளாஷையும் அந்தப் பெயரிலேயே விற்றுவிடுங்கள். அவை கழிவு அல்ல, அடுத்த ஆண்டு நீலத்துக்கு வேர்.

சட்டம் தரும் பிடி

லூசியானா தவிர மற்ற மாநிலங்களில் பொருள் விற்பனைக்குச் சீரான வணிகச் சட்டத்தின் 2ஆம் பிரிவு பொருந்தும். கோழியும் அதன்படி ‘பொருள்’தான். விற்பவர் தன் விளம்பரத்திலோ ரசீதிலோ ‘அமெரகானா’ என்று குறிப்பிட்டு, அதை நம்பி நீங்கள் வாங்கியிருந்தால், அந்த வர்ணனையே உத்தரவாதம். ‘உத்தரவாதம்’ என்ற சொல்லை அவர் எழுதியிருக்க வேண்டியதில்லை. ஆனால் சொல்லாத உத்தரவாதங்களிலிருந்து கால்நடைகளுக்குப் பல மாநிலங்கள் விலக்கு அளித்திருக்கின்றன. ஆகவே எழுத்தில் வாங்குவதே பாதுகாப்பு. இனம், நிறம், பெற்றோரின் நிறம், பெட்டைக்குஞ்சு மட்டுமா சேவலும் கலந்ததா என்ற நான்கையும் குறுஞ்செய்தியிலாவது எழுதி வாங்குங்கள். ‘ஸ்ட்ரெய்ட் ரன்’ என்றால் சேவலும் பெட்டையும் பிரிக்காதது. பாதி சேவலாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டே வாங்க வேண்டும்.

குறை தெரிந்ததும் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவிக்காவிட்டால் பரிகாரம் கேட்கும் உரிமை போய்விடும். முதல் முட்டை வரும்வரை பல மாதம் ஆகுமே என்று கவலைப்பட வேண்டாம். குறை தெரிந்த நாளில் படத்தோடு எழுதுங்கள். உண்மையான அமெரகானாவின் மதிப்புக்கும் கைக்கு வந்ததன் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்கலாம். பேசித் தீரவில்லை என்றால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம். பல பேரை ஏமாற்றுபவர் என்று தெரிந்தால் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுங்கள்.

பொரித்த குஞ்சு வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் கொண்டே இரண்டு மூன்று நாள் தாங்கும். அதனால்தான் தபாலில் குஞ்சு அனுப்ப அனுமதி உண்டு. பொரித்த 72 மணி நேரத்துக்குள் அது வந்து சேர வேண்டும். பெட்டியைத் தபால் நிலையத்திலேயே திறந்து பாருங்கள். இறந்தவை இருந்தால் உடனே படமெடுத்து அன்றே விற்றவருக்கு அனுப்புங்கள். இதற்குப் பெரும்பாலான பொரிப்பகங்கள் தரும் கெடு மிகக் குறுகியது. அடைமுட்டை தபாலில் வாங்கினால் பொரிக்கும் என்ற உத்தரவாதத்தை அநேகமாக யாரும் தருவதில்லை.

நோய்: கேட்க வேண்டியவை, செய்ய வேண்டியவை

1935இல் தொடங்கிய தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்ந்த பண்ணையிடம் வாங்குங்கள். மாநிலம் தாண்டி வரும்போது அதற்கான சான்றிதழும் கேளுங்கள். புல்லோரம் முதலான கோழி நோய்கள் பண்ணையில் இல்லை என்பதற்கு அது சான்று. மனிதரைத் தாக்கும் சால்மோனெல்லா இல்லை என்பதற்கு அது சான்றாகாது. நலமாகத் தெரியும் குஞ்சின் இறகிலும் எச்சத்திலும் அந்தக் கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் குஞ்சைத் தொடக்கூடாது; யாரும் முத்தமிடக்கூடாது; தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குஞ்சுப் பெட்டி சமையலறையில் இருக்கவே கூடாது.

மாரெக் நோய்க்குப் பொரித்த நாளிலேயே தடுப்பூசி போட்டார்களா என்று கேளுங்கள். ரத்தக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கொடுத்த குஞ்சுக்கு ஆம்ப்ரோலியம் என்ற மருந்து கலந்த தீவனம் வேண்டாம். அது தடுப்பு மருந்தின் பலனைக் கெடுத்துவிடும். 2023 ஜூன் முதல் மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆன்டிபயாடிக்குகளைக் கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. எனவே கோழி பார்க்கும் மருத்துவர் யார் என்று குஞ்சு வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

2022 முதல் அமெரிக்காவில் பறவைக் காய்ச்சல் பரவி வருகிறது. காட்டு வாத்துகளின் எச்சம் பெரிய ஆபத்து. தீவனமும் தண்ணீரும் காட்டுப் பறவைக்கு எட்டாதபடி வையுங்கள்; கூட்டுக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். கோழிகள் திடீரென்று சாவது, தலை வீங்குவது, கொண்டை ஊதா நிறமாவது ஆகியவை எச்சரிக்கை. வெறுங்கையால் தொடாமல் மாநிலக் கால்நடை அதிகாரியையோ அமெரிக்க வேளாண் துறையின் 1-866-536-7593 என்ற இலவச எண்ணையோ அழையுங்கள். பயந்து மறைப்பவருக்கு நஷ்டமே அதிகம்: அரசு உத்தரவுப்படி அழிக்கப்படும் கோழிக்கு இழப்பீடு உண்டு, அதற்கு முன்பே நோயில் செத்த கோழிக்கு இல்லை.

சேவலுக்கு இடம் உண்டா?

பல நகரங்கள் சில பெட்டைகளை அனுமதித்துச் சேவலைத் தடை செய்கின்றன. நகர விதி இடம் கொடுத்தாலும் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்பந்தம் தடுக்கலாம். சேவல் இல்லாமல் இன விருத்தி இல்லை. பொரிக்கும் குஞ்சில் பாதி சேவலாகவே வரும். அவற்றை எங்கே வைப்பது, யாருக்குக் கொடுப்பது என்பதற்கு விடை இல்லாதவர் முட்டையை இன்குபேட்டரில் வைக்கக்கூடாது. ஆண்டுதோறும் கைவிடப்படும் சேவல்களுக்கு இந்த யோசனைக் குறைவே காரணம். நகராட்சியின் விதியையும் சங்கத்தின் விதியையும் எழுத்தில் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

விற்பவரின் வாக்கை எழுத்தில் வாங்குவது நம் உரிமை. அந்த உயிர் வாழும்வரை கூடும் தீவனமும் மருந்தும் தருவது நம் கடமை. இரண்டுக்கும் தயாராக இருப்பவரின் கொல்லையில் அமெரகானா நன்றாகவே வளரும். தயாரில்லாதவர் இந்த வசந்தத்தில் வாங்காமல் இருப்பதே அந்தக் குஞ்சுக்கும் நல்லது.